அவரவர் சைக்கிளை அவரவர் கொண்டு வரவும்

வக்கீல் நர்மதாவிடமிருந்து போன் வந்தபோது வெற்றிச்செல்வி மக்காச்சோளக் கொல்லையில் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஜெயிச்சுட்டோம்! தீர்ப்பு சொல்லிட்டாங்க. அடுத்த கேஸு கூப்புடுறாங்க, மத்தத சாயங்காலம் பேசுறேன்" என்று சொல்லி வக்கீல் போனை வைத்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்த ஒரு வாய்ப் பேச்சை வைத்துக்கொண்டு மருதங்காடு சாயங்காலத்துக்குள் அடித்த கூத்தைச் சொன்னால் நம்புவது கஷ்டம்.

வெற்றிச்செல்வி ஒடித்த கதிரை அப்படியே போட்டுவிட்டு வரப்பு வரப்பாக ஓடினாள். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "ஜெயிச்சாச்சு! ஐகோர்ட்டுல ஜெயிச்சாச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். மாமியார் காத்தாயி அடுப்பில் இருந்த குழம்பை இறக்கிவிட்டு ரவா கேசரிக்கு வாணலியை ஏற்றினாள். சுண்ணாம்புக்கல் லாரியை ஓட்டிக்கொண்டு அரியலூரைத் தாண்டிக்கொண்டிருந்த புருஷன் கலைச்செல்வன், லோடோடு வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பெரம்பலூரில் பிளக்ஸ் அடிக்கிற கடைக்குப் போன் போட்டான். பொழுது சாய்வதற்குள் மருதங்காடு பஸ் ஸ்டாப்பில் கல்யாண ஆல்பத்துப் போட்டோவோடு பேனர் ஏறிவிட்டது. "எங்கள் ஊரின் முதல் பெண் தலையாரியே, வருக! வருக!" ஊரிலேயே பிறந்து வளர்ந்து, ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவளை எங்கிருந்து வருக என்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலா இருந்தார்கள்? சரவெடி அந்தப் பக்கம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுச் சின்னம்மாள் ஒரு படி மேலே போய்விட்டாள். வீட்டுமனைப் பட்டா பேர் மாற்றத்துக்கு எழுதி வைத்திருந்த மனுவைக் கையோடு கொண்டுவந்து, "தலையாரிம்மா, மொத மனு என்னோடதா இருக்கட்டும்" என்று நீட்டினாள். வெற்றிச்செல்விக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டாள்.

தலையாரி என்றால் ஊர்ப்பக்கம் இன்னமும் வாயில் வருகிற பேர். காகிதத்தில் கிராம உதவியாளர். வி.ஏ.ஓ.வுக்கு அடுத்து ஊருக்குள் அரசாங்கத்தின் ஆள். உத்தியோகம் சின்னதுதான். ஆனால் வெற்றிச்செல்வியின் வீட்டுக்கு அது சின்னதில்லை. அவள் தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கிய குடும்பம். அப்பா கட்டட வேலைக்குப் போனார், புருஷன் லாரிக்குப் போனான், எல்லாம் சரி. ஆனால் எந்தச் சான்றிதழுக்கும் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்பதுதான் அவர்கள் அறிந்தது. ஆபீசுக்கு உள்ளே நின்று, வெளியே நிற்பவரைப் பார்த்து "உள்ள வாங்க" என்று சொல்கிற ஓர் ஆள் அந்தத் தெருவிலிருந்து இதுவரை வந்ததில்லை. அந்த ஆளாகத் தான் இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வேறு மூடிமறைக்க ஒன்றுமில்லை, அந்த ஆசைதான். வயசு வரம்பும் அவளுக்கு அந்த விண்ணப்பத்தோடு முடிந்துபோனது. இது கைவிட்டுப் போனால் அரசாங்க வேலை என்ற பேச்சையே மறந்துவிட வேண்டியதுதான்.

மருதங்காட்டு இடத்தைச் சுழற்சியில் அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து ஐந்து பெண்கள் போட்டார்கள். வாசிக்க வைத்தார்கள், எழுத வைத்தார்கள், கேள்வி கேட்டார்கள், எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடைசியாக வந்தது சைக்கிள் தேர்வு. தலையாரிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. அழைப்புக் கடிதத்தில் பெண்கள் சேலை கட்டி வர வேண்டும் என்று போட்டிருந்தது. சேலை கட்டிப் போனார்கள். அங்கே தாலுகா ஆபீஸ் மைதானத்தில் நிறுத்தி வைத்திருந்தது வாட்ச்மேனுடைய பழைய பார் வைத்த சைக்கிள். சீட்டு நெஞ்சு உயரத்துக்கு நின்றது.

ஸ்டாண்டில் டைப்பிஸ்ட் அம்மாவின் லேடீஸ் சைக்கிள் சும்மாதான் நின்றது. அதைக் கேட்டார்கள். "எல்லாருக்கும் ஒரே வண்டிதான். ஒருத்தருக்கு ஒண்ணுன்னு குடுத்தா பாரபட்சம் ஆயிரும்" என்றார் அப்போதிருந்த அதிகாரி. வெற்றிச்செல்வி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறப் பார்த்தாள். பாரைத் தாண்டிக் காலைப் போட்டதும் கொசுவம் மாட்டி, வண்டியும் அவளும் ஒரே நேரத்தில் மண்ணில் விழுந்தார்கள். பேன்ட் போட்டு வந்திருந்த மற்ற ஊர் ஆண் விண்ணப்பதாரர்கள் விசிலடித்தார்கள். அதைப் பார்த்த மற்ற நாலு பேரும் வண்டியைத் தொடக்கூட இல்லை. ஐந்து பேருக்கும் "சைக்கிள் ஓட்டத் தெரியாது" என்று எழுதி, தகுதியான பெண் யாரும் கிடைக்கவில்லை, ஆகவே இடத்தை ஆண்களுக்குத் தரலாம் என்று கோப்பை நகர்த்திவிட்டார்கள். தினம் சைக்கிளில் காட்டுக்குப் போய் வருகிறவளுக்கு ஓட்டத் தெரியாதாம்! அன்றைக்கு வெற்றிச்செல்விக்கு வந்த கோபம் கேஸ் நடந்த அத்தனை காலமும் ஆறவே இல்லை.

மற்ற நாலு பேரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள், சேர்ந்து கேஸ் போடுவோம் என்று. இரண்டு பேர் சாமி கும்பிட்டுக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஒருத்தி வீட்டில் கதவே திறக்கவில்லை. இருப்பதில் சின்னவள், பானுப்ரியா, "ஆபீசரப் பகைச்சுக்க முடியாதுக்கா. எங்கப்பா ரேஷன் கடையில இருக்காரு" என்று தலையைக் குனிந்துகொண்டாள். போங்கடி என்று வெற்றிச்செல்வி ஒற்றை ஆளாகச் சென்னைக்கு ரயிலேறினாள்.

நர்மதா அரியலூர்ப் பக்கத்துப் பெண். வாயைத் திறந்தால் வெங்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி இருக்கும். வழக்கு முடியும்வரை அந்த இடத்தை நிரப்பக் கூடாது என்று முதலில் தடை வாங்கினாள். பிறகு கடைசி விசாரணை அன்றைக்கு அவள் வாதாடியதை வெற்றிச்செல்வியும் காத்தாயியும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பேச்செல்லாம் இங்கிலீஷ். வெளியே வந்த பிறகுதான் நர்மதா தமிழில் சொன்னாள். "எல்லாருக்கும் ஒரே சைக்கிள் குடுத்தோம், இதுல பாகுபாடு எங்க இருக்குன்னாரு கவருமெண்டு வக்கீலு. நான் எந்திரிச்சேன். பதினொண்ணாவது படிக்கிற பொம்பளப் புள்ளைகளுக்கு இதே கவருமெண்டு இலவச சைக்கிள் குடுக்குதே, அதுல பார் இருக்கான்னு கேட்டேன். ஆம்பளப் புள்ளைக்குக் குடுக்குறதுல இருக்கு, பொம்பளப் புள்ளைக்குக் குடுக்குறதுல இல்ல. இந்தம்மாவுக்கும் குடுத்தாங்க, இவங்க மவளுக்கும் குடுத்துருக்காங்க, எனக்கும் குடுத்தாங்க. எந்த வண்டியில நாங்க ஓட்டுவோம்னு கவருமெண்டுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே சேலையும் கட்டச் சொல்லி, பார் வண்டியையும் நிறுத்தினா அது பரிச்சையா, இல்ல வாசலுக்கு நாதாங்கியான்னேன். ஜட்ஜு சிரிச்சுட்டாரு."

காத்தாயிக்கு அந்தச் சிரிப்பு மட்டும் போதுமாக இருந்தது. "பாசை வேறன்னாலும் சிரிப்பு ஒண்ணுதானடி. ஜட்ஜு சிரிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்று ரயிலில் வரும்போதே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இவ்வளவு சரவெடியும் கேசரியும். சொன்னபடி சாயங்காலம் நர்மதா போன் செய்தாள். வெற்றிச்செல்வி ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, தீர்ப்பு ரொம்ப நல்லா வந்துருக்கு. அந்த சைக்கிள் பரிச்ச செல்லாதுன்னுட்டாங்க. பார் இல்லாத வண்டியில திருப்பி வைக்கணும்."

"வேல எப்ப குடுப்பாங்க மேடம்?"

"அக்கா, வேல குடுன்னு கோர்ட்டு சொல்லாது. யார எடுக்குறதுங்கறது ஆபீசு வேல. எப்படி எடுத்தாங்கன்னு பாக்குறதுதான் கோர்ட்டு வேல. எடுத்த விதம் தப்பு, திருப்பிச் செய்ங்கன்னு சொல்லிட்டாங்க. மத்த மார்க்குல கை வைக்கக் கூடாது. சைக்கிள மட்டும் திருப்பி வைக்கணும். அஞ்சு பேருக்கும்."

"அஞ்சு பேருக்குமா?"

"ஆமாக்கா. அநியாயம் அஞ்சு பேருக்கும் நடந்ததுதானே?"

பட்டாசுப் புகைக்கு நடுவே, அடுத்த சரத்தைக் கொளுத்தப் போனவன் தீப்பெட்டியை மடியில் சொருகிக்கொண்டான். பிறகு யாரோ ஒருவர் மெல்ல, "பேனரை என்ன பண்றது?" என்று கேட்டார். சின்னம்மாள் வந்து மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

காத்தாயி கேசரி வாணலியைக் கவிழ்க்காத குறை. "கோர்ட்டுப் படி ஏறினவ ஒருத்தி, நோவாம நோம்பு கும்புடுறது நாலு பேரா? கூப்புட்டப்ப ஒருத்தி கதவத் தொறக்கல! நம்ம கேஸு என்ன ஆத்துல போற தண்ணியா, அய்யா குடி அம்மா குடின்னு?" என்று தெருவில் நின்று கேட்டாள். வெற்றிச்செல்விக்கும் உள்ளுக்குள் அதே எரிச்சல்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அதை அவள் மாமியாரிடமும் கணவனிடமும் மட்டும்தான் சொல்லியிருந்தாள். கேஸ் நடக்கும்போது ஆபீஸ் கோர்ட்டில் மதிப்பெண்களைத் தாக்கல் செய்தது. மற்ற தேர்வுகளில் பானுப்ரியா முதல், வெற்றிச்செல்வி இரண்டாவது. பானுப்ரியா சைக்கிளில் தேறினால் வேலை அவளுக்கு. தேறாவிட்டால் வெற்றிச்செல்விக்கு. கணக்கு அவ்வளவு சுலபம்.

"அந்தப் புள்ளையப் பூலாம்பாடியில கட்டிக் குடுத்தாச்சு. புதுப் பொண்ண மாமியா வூட்டுல அனுப்ப மாட்டாங்க. நீ கண்டதையும் நெனைக்காத" என்றான் கலைச்செல்வன். வெற்றிச்செல்வி அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையார் கோயிலில் விளக்குப் போட்டபோது, பானுப்ரியா நன்றாக இருக்கட்டும், பூலாம்பாடியிலேயே நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

தாலுகா ஆபீசில் அதற்குள் தாசில்தார் மாறியிருந்தார். புதியவர் பேர் உத்திராபதி. கெட்டவர் இல்லை. முன்னவர் பட்ட சூட்டைப் பார்த்த பூனை அவர், அவ்வளவுதான். பார் வைத்த வண்டி கொடுத்துக் கேஸ் ஆனது. பார் இல்லாத வண்டி கொடுத்தால், அது பிரேக் பிடிக்கவில்லை என்று ஒருத்தி கேஸ் போடுவாள். ஆபீஸ் எந்த வண்டியும் கொடுக்காவிட்டால் எவள் கேஸ் போடுவாள்? இப்படி யோசித்து, யோசித்து, அழைப்பில் ஒரு வரி சேர்த்தார்: அவரவர் சைக்கிளை அவரவர் கொண்டு வரவும். அதை எழுதி முடித்த அன்றைக்கு அவர் நிம்மதியாகக் காபி குடித்திருப்பார்.

தேர்வு நாள் வந்தது. தாலுகா ஆபீஸ் மைதானத்தில் திருவிழாக் கூட்டம்! மருதங்காட்டிலிருந்து ஒரு மினி லோடு வண்டி நிறைய ஆள். கலைச்செல்வனோடு லாரி ஓட்டுகிறவர்கள் சாலையோரம் வரிசையாக வண்டியை நிறுத்திவிட்டு மதில்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர்கூட வந்துவிட்டார். இந்த முறை சுடிதார் போட்டு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். வெற்றிச்செல்வி வேண்டுமென்றே சேலை கட்டி, மகள் மணிமொழிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் ஊரிலிருந்து மிதித்துக்கொண்டே வந்து இறங்கினாள். மதில்மேலிருந்து விசில் பறந்தது. இந்த விசில் வேறு விசில்.

வேப்பமரத்தைச் சுற்றிக் கொடிக்கம்பம்வரை போய், சுண்ணாம்பில் போட்டிருந்த எட்டின் மேல் கால் ஊன்றாமல் ஓட்டி, கிளம்பின இடத்தில் நிறுத்த வேண்டும். பேர் கூப்பிட்டதும் வெற்றிச்செல்வி ஏறினாள். இரண்டு மிதியில் பயம் போய்விட்டது. வேப்பமரத்தை வளைத்து, கம்பத்தைச் சுற்றி, எட்டின் இடுக்கில் உடம்பை ஒருச்சாய்த்து அவள் திரும்பியபோது கூட்டம் "ஏய்... ஏய்... ஏய்!" என்று கூடவே திரும்பியது. கொண்டுபோய் நிறுத்திப் பெல்லையும் ஒரு தரம் அடித்தாள். தாசில்தார் தன்னை அறியாமலே கை தட்டிவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

அடுத்து இரண்டு பேர் நன்றாகவே ஓட்டினார்கள். சிந்தாமணி என்பவள் மட்டும் எட்டில் காலை ஊன்றி, "ஐயையோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த மூன்று பேர் மதிப்பெண்ணும் வெற்றிச்செல்விக்குக் கீழேதான். மிச்சம் ஒரே ஆள்.

"பானுப்ரியா!" என்று கூப்பிட்டார் தாசில்தாரின் உதவியாளர். பதில் இல்லை. "பானுப்ரியா!" மறுபடியும் இல்லை. காத்தாயி வெற்றிச்செல்வியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வரல புள்ள, வரல, வரல" என்று முனகிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது தரம் கூப்பிட அவர் வாயைத் திறந்தபோது பஸ் ஸ்டாப் பக்கமிருந்து ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். தலை கலைந்திருந்தது, சுடிதார் வியர்வையில் நனைந்திருந்தது.

"வந்துட்டேன் சார்! நாந்தான் பானுப்ரியா!"

"வண்டி எங்கம்மா?"

"பூலாம்பாடியிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரேன் சார். சைக்கிள ஏத்த முடியாதுன்னுட்டாரு கண்டக்டரு. கெஞ்சிப் பாத்தேன், கேக்கல. அங்கயே கடையில போட்டுட்டு வந்துட்டேன். இங்க ஏதாச்சும் ஒரு வண்டி..."

"அழைப்புல போட்டுருக்குல்ல? அவரவர் வண்டி. ஆபீசு வண்டி குடுக்காது" என்றார் தாசில்தார். சொல்லும்போது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "வண்டி இல்லன்னா தேர்வுக்கு வரலன்னுதான் எழுத முடியும்."

பானுப்ரியா சுற்றிலும் பார்த்தாள். ஓட்டி முடித்த ஒருத்தி தன் சைக்கிளைப் பார்த்து, "செயின் லூசா இருக்கு" என்றாள். இன்னொருத்தி பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். சிந்தாமணி தன் துக்கத்தில் இருந்தாள். கடைசியில் பானுப்ரியாவின் பார்வை ஸ்டாண்டில் நின்ற வெற்றிச்செல்வியின் வண்டியில் வந்து விழுந்தது. கேட்க வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பாள்? கேஸுக்குக் கூப்பிட்டபோது தலையைக் குனிந்தவள்தானே? இப்போதும் குனிந்துகொண்டாள்.

வெற்றிச்செல்வி அசையாமல் நின்றாள். நான் ஒன்றும் செய்யவில்லையே என்று மனசு சொன்னது. நானா பஸ்ஸில் ஏற்ற விடாமல் தடுத்தேன், நானா அழைப்பை எழுதினேன்? சும்மா நின்றால் போதும். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் வேலை வீடு வந்து சேர்ந்துவிடும். கேஸ் போட்டது நான், அலைந்தது நான். அடித்துச் சொல்லலாம், இது எனக்கு நியாயம்தான்.

ஆனால் பானுப்ரியா அந்த வண்டியைப் பார்க்கிற பார்வை அவளுக்குத் தெரிந்த பார்வை. டைப்பிஸ்ட் அம்மாவின் சைக்கிளை அன்றைக்கு அவளே அப்படித்தான் பார்த்தாள். ஓட்டத் தெரியும், ஓட்டுவதற்கு ஏற்ற வண்டி கண்ணெதிரே சும்மா நிற்கிறது, அதைக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். இந்த ஒன்றைத்தான் ஐகோர்ட்டில் போய் அநியாயம், அநியாயம் என்று கத்திவிட்டு வந்தாள். வெற்றிச்செல்விக்குக் கெட்ட கோபம் வந்தது. பானுப்ரியாமீது, தாசில்தார்மீது, பூலாம்பாடிக் கண்டக்டர்மீது, எல்லாரையும்விட அதிகமாகத் தன்மீது. விறுவிறுவென்று ஸ்டாண்டுக்குப் போய்ச் சைக்கிளை உருவிக்கொண்டு வந்து பானுப்ரியாவின் முன்னால் நிறுத்தினாள்.

"இந்தா. ஓட்டு."

"வெற்றி!" என்று காத்தாயி போட்ட சத்தத்தில் மதில்மேல் இருந்தவர்கள் திரும்பினார்கள். "கிறுக்குப் புடிச்சுப் போச்சா ஒனக்கு?"

பானுப்ரியா ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "அக்கா, நான் ஓட்டினா ஒனக்கு வேல..."

"போவும். எனக்குத் தெரியும். ஓட்டுடி, நான் மனசு மாறுறதுக்குள்ள ஓட்டு."

தாசில்தார் எழுந்துவிட்டார். "ஏம்மா, அவரவர் வண்டின்னு போட்டுருக்கேன். அடுத்தவங்க வண்டியில ஓட்டவிட்டா, நாளைக்கு இத வச்சு எவளாச்சும் கேஸ் போட்டா நான் எங்க போவேன்?"

"இந்தத் தாலுகாவுல கேஸ் போடுறவ நான் ஒருத்திதான் சார். நான் போடல. ஓட்டவிடுங்க. ஓட்ட விடலன்னா சொல்லுங்க, இவளுக்கும் சேத்து இன்னைக்கே ரயிலேறுறேன்!"

மதில்மேலிருந்து லாரிக்காரர்கள் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. தாசில்தார் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "ஓட்டச் சொல்லும்மா, ஓட்டச் சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டார்.

பானுப்ரியா ஏறினாள். முதல் மிதியிலேயே வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. கல்யாணமான பிறகு அவள் சைக்கிளைத் தொட்டே இருக்க மாட்டாள் போல. வெற்றிச்செல்விக்கு உள்ளே ஒரு குட்டிச்சாத்தான், விழட்டும், விழட்டும் என்றது. வாயோ, "கீழ பாக்காதடி! முன்னாடி பாரு!" என்று கத்தியது. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே அவளும் கூடவே ஓடினாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பு ஒரு பக்கம் போக, "வளை! வளை! பிரேக்கப் புடிக்காத! மிதி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினாள். பானுப்ரியா வேப்பமரத்தை வளைத்தாள். கம்பத்தைச் சுற்றினாள். எட்டின் முதல் வளைவில் கால் கீழே போகப் போய், போகாமல் மேலே வந்தது. இரண்டாவது வளைவில் ஊரே அவளோடு சாய்ந்து நிமிர்ந்தது. வந்து நிறுத்தினாள். காத்தாயியைத் தவிர எல்லோரும் கத்தினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது வெற்றிச்செல்விதான்.

மதிப்பெண்ணைக் கூட்ட நேரமே ஆகவில்லை. ஏற்கெனவே கூட்டி வைத்ததுதானே. தாசில்தார் வெளியே வந்து, மருதங்காடு கிராம உதவியாளர் பணிக்குப் பானுப்ரியா தேர்வாகிறார் என்று படித்தார். மதில்மேல் இருந்தவர்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கலைச்செல்வன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பானுப்ரியா ஓடிவந்து காலில் விழப் போனாள். வெற்றிச்செல்வி இரண்டடி பின்னால் போனாள்.

"வேணாம்டி. இன்னைக்கு என்னத் தொடாத. ஒம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லன்னு சொன்னா அது பொய்யி. எனக்கு இன்னைக்கு அழுவணும். நீ போய் ஒங்க வூட்டுல சொல்லு. நாளைக்கு வா, காபி போட்டுத் தரேன்."

வெற்றிச்செல்வி வக்கீலுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். நர்மதா, "அக்கா, இனிமே எந்த ஜில்லாவுல பொம்பளைங்களுக்குப் பார் வண்டி குடுத்தாலும் ஒங்க பேரு போட்ட தீர்ப்பத்தான் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க" என்றாள்.

"பேர வச்சு நாக்கு வழிக்கவா மேடம்?" என்று கேட்டுவிட்டு, "சரி, ஓடட்டும். நல்லா ஓடட்டும்" என்று சொல்லி வைத்தாள் வெற்றிச்செல்வி.

மினி லோடு வண்டியில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அத்தனை பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு ஊர்வரை உட்கார்ந்து வர முடியாது என்று அவள் சைக்கிளை எடுத்தாள். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனபோது பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. காத்தாயி. வந்தாள், கேரியரில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள், மருமகளின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள்.

வெற்றிச்செல்வி மிதித்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, துடைக்கக் கை இல்லை. சிமெண்டு லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பக்கத்தில் போயின. எல்லா ஆத்திரமும் காலில் இறங்கி, மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே வேகமாகச் சைக்கிள் பறந்தது. ஓடைப் பாலத்தில் ஏறி இறங்கியபோது கேரியரில் இருந்த காத்தாயி ஒரு சாண் மேலே போய் உட்கார்ந்தாள்.

"மெல்லப் போடி, எடுபட்டவளே!" என்றாள் காத்தாயி. "வேலைக்கா நேரமாவுது?"

வெற்றிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையை நிறுத்தாமலே சிரித்தாள். பின்னால் காத்தாயியின் உடம்பும் குலுங்குவது முதுகில் தெரிந்தது.